அக்கா பார்த்துக்கொண்ட மூலை

டெய்லர் அக்காவின் கழுத்தில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இஞ்ச் டேப் தொங்கும். மாதா கோயில் பூசைக்குப் போகும்போது பைக்குள் இருக்கும்; பூசை முடிந்து நாங்கள் குழி தோண்டும் இடத்துக்கு வந்ததும் கழுத்துக்கு ஏறிவிடும். ஒன்றரை அடி தோண்டிவிட்டேன் என்று நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார். குனிந்து, டேப்பின் நுனியைக் குழிக்குள் விட்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “பதினாறு இஞ்சிதான் தம்பி இருக்குது. மீதி ரெண்டு இஞ்சிய உங்க மாமனாரா வந்து தோண்டுவாரு?” என்பார். கூடியிருப்பவர்கள் சிரிப்பார்கள். நான் முணுமுணுத்துக்கொண்டே அந்த இரண்டு அங்குலத்தையும் தோண்டுவேன். ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவருக்கு வேப்பங்கன்றின் அளவு என்ன தெரியும் என்று எனக்குள் ஒரு கடுப்பு இருந்ததை மறைப்பானேன்.

திண்டிவனத்தில் எங்களுடையது பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து மரக்கன்று நடும் கூட்டம். சங்கம் என்று சொல்லிக்கொள்ளப் பதிவும் கிடையாது, பலகையும் கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குரூப், சில மண்வெட்டிகள், கடப்பாரை, தண்ணீர் ஊற்றக் குடங்கள், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் எங்களுக்குத் தலைவர் மாதிரி. அவரை எச்.எம். சார் என்றே கூப்பிடுவோம். “நாம நட்டது செடி, தானா வந்தது களை” என்று வாரம் தவறாமல் சொல்வார். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைக்கு நடுவே களை எடுத்து வளர்ந்து, இப்போது இந்த ஊரில் உரக்கடையில் வேலை பார்க்கிறவன் நான். செடி எது, களை எது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்ற திமிர் நிறையவே இருந்தது.

எங்களுக்குள் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. யாராவது ஒரு வாரம் வர முடியாமல் போனால், அவர் பங்கு வேலையை மற்றவர்கள் சத்தமில்லாமல் முடித்து வைத்துவிடுவோம். அடுத்த வாரம் அவர் வந்து “அட, யாரு செஞ்சது?” என்று கேட்கும்போது எல்லோரும் ஒன்றும் தெரியாதது போல் நிற்போம். அதில் எங்களுக்கு ஒரு குஷி. கல்யாணம், காய்ச்சல் என்று எந்தக் காரணத்தாலும் ஒருவருடைய வேலை பாக்கி நிற்கக் கூடாது என்பது எங்கள் பெருமை. அந்தப் பெருமையைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

கல்லறைத் தோட்டத்தில் மரம் வைக்கலாம் என்று முதலில் சொன்னவர் டெய்லர் அக்காதான். ஊர்க் கோடியில் இருக்கும் அந்தத் தோட்டத்தில் நிழலே கிடையாது. கல்லறைத் திருநாளுக்கு வருகிறவர்கள் வெயிலில் முக்காடு போட்டுக்கொண்டு ஜெபம் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார். பங்குச் சாமியாரும் சந்தோஷமாக அனுமதி கொடுத்தார். திருநாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. யார் யார் எந்தப் பக்கம் என்று எச்.எம். சார் பிரித்துக் கொடுக்கும்போது, கிழக்கு மூலையைக் காட்டி அக்கா சொன்னார்: “அந்த மூலைய நான் பாத்துக்கறேன் சார். அத நீங்க யாரும் பாக்காதீங்க.” மதில் ஓரத்தில், சிலுவையோ கல்லோ எதுவும் இல்லாமல் மேடும் பள்ளமுமாகக் கிடந்த இடம் அது. காட்டாமணக்கும் முள்ளும் மண்டிக் கிடந்தன. இருப்பதிலேயே கஷ்டமான பகுதியை அக்கா தன் தலையில் போட்டுக்கொள்கிறாரே என்று நாங்கள் நினைத்தோம். எச்.எம். சார் கைகூடத் தட்டினார்.

அடுத்த ஞாயிறு அக்கா வரவில்லை. விழுப்புரத்தில் தங்கையின் பேத்திக்கு ஞானஸ்நானம். அன்றைக்கென்று பார்த்து எங்களுக்கு ஒரு ஜேசிபி கிடைத்தது. செங்கல் சூளைக்காரர் ஒருவர் புண்ணியத்துக்காக ஒரு மணி நேரம் ஓசியில் அனுப்பி வைத்தார். ஓசியில் வந்த ஜேசிபியை நிமிடம் கூட வீணாக்க மனம் வருமா? வாசல் பக்கத்துக் குப்பை மேட்டை வழித்து, பாதையைச் சமன் செய்து, கன்றுகளுக்கு வரிசையாகக் குழி எடுத்து முடித்தபோது நாற்பது நிமிடம்தான் ஆகியிருந்தது. டிரைவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, “வேற இன்னா சார்? வண்டிய எடுத்துக்கினு போவட்டா?” என்று கேட்டார். இருபது நிமிடம் மிச்சம். எச்.எம். சார் கன்றுகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் சுற்றிலும் பார்த்தேன். பாக்கி இருந்தது கிழக்கு மூலை மட்டும்தான். பாவம், அக்கா ஒண்டியாக அந்த முள்ளோடு மல்லுக்கட்ட வேண்டுமே என்று தோன்றியது. கையை வீசிக் காட்டி, “அந்த மூலைய பூரா வழிச்சிடுங்கண்ணே” என்றேன். வேறு யாரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

வழித்து முடித்ததும் அந்த இடம் களம் போலச் சமமாகக் கிடந்தது. போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். “உங்க வேலைய முடிச்சாச்சுக்கா, விருந்து நல்லா சாப்பிடுங்க” என்று எழுதி, சிரிக்கிற பொம்மை இரண்டும் போட்டேன். அக்கா பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை. பந்தி பரிமாறிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் நாங்கள் கடைசிக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார். விசேஷத்துக்குக் கட்டிய பட்டுப் புடவை, காலில் செருப்பில்லை. விருந்து வீட்டு வாசலில் கிடந்த செருப்பைத் தேட நேரமில்லாமல் பஸ் ஏறியிருக்கிறார் என்று பிற்பாடு தெரிந்தது. எங்கள் யாரையும் பார்க்காமல் நேராகக் கிழக்கு மூலைக்குப் போனார். பாராட்டு வாங்கிக்கொள்ள நானும் பின்னாலேயே போனேன். இதை எழுதும்போது என் மேல் எனக்கே எரிச்சலாக வருகிறது.

“இங்க ஒரு நித்தியகல்யாணி இருந்துதே தம்பி. வெள்ளப் பூவு.”

“அதுவா? சுடுகாட்டுப் பூதானேக்கா. முள்ளோட சேத்து எல்லாத்தையும் வண்டி வழிச்சிக்கினு போய்டுச்சி.”

அக்கா சமமான தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அதுக்கு அடியிலதான் எம்புள்ள இருக்குது.”

அன்றைக்குத்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அக்காவுக்குக் கல்யாணமான மறு வருடம் பிறந்த பெண் குழந்தை. பிறந்த அன்றே பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. ஞானஸ்நானம் கொடுக்கவும் நேரமில்லை, பெயர் வைக்கவும் நேரமில்லை. அப்படிப்பட்ட குழந்தைகளை அந்தக் காலத்தில் அந்த மூலையில் வைத்துவிடுவார்களாம். சிலுவை நடும் வழக்கம் இல்லை. கணவரும் மாமனாரும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். பிரசவித்துப் படுத்திருந்த அக்கா முகத்தைக் கூடச் சரியாகப் பார்க்கவில்லை. எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு கணவர் கூட்டிக்கொண்டு வந்து, இங்கேதான் என்று காட்டியிருக்கிறார். அன்று அந்த இடத்தில் அக்கா நட்டது அந்தச் செடி. மாடு தின்னாது, தண்ணீர் இல்லாவிட்டாலும் தாங்கும். பழைய செடி காயும் முன் அதன் காலடியிலேயே விதை விழுந்து முளைத்த ஒன்றை விட்டு வைப்பார். முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே இடத்தில் ஒரே ஒரு செடி. அதற்குப் பிறகு அக்காவுக்குக் குழந்தை இல்லை. இடத்தைக் காட்டிய கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், மாமனாரும் போய்விட்டார். அந்தச் செடியைத் தவிர சாட்சி கிடையாது.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா” என்றார் எச்.எம். சார்.

“இன்னான்னு சார் சொல்றது? அதான் நான் பாத்துக்கறேன்னு சொன்னனே.”

பிறகு நாங்கள் செய்ததெல்லாம் நினைத்தால் அழுகைதான் வருகிறது. அக்கா பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து மதில் சுவரில் ஒரு முனையை வைத்தார். மறு முனையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். எத்தனை அடி என்று கேட்டேன். அக்கா டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் அளவு எடுத்தனே தம்பி. இத அளந்து வக்கணும்னு ஒரு நாளும் தோணல. செடிதான் இருந்துதே” என்றார். டேப்பைச் சுருட்டத் தோன்றாமல் அப்படியே விட்டுவிட்டார். ஜேசிபி டிரைவருக்கு போன் போட்டேன். “நான் பக்கெட்ட பாப்பனா சார், பூவ பாப்பனா?” என்றார் அவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வழித்த மண்ணை லாரி வந்து எங்கோ பள்ளத்துக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தது. எச்.எம். சார் தன்னால் முடிந்த ஆறுதலைச் சொன்னார். மேலாக ஒரு அடிதான் வழித்திருக்கிறது, குழந்தைக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அது பத்திரமாக இங்கேயேதான் இருக்கிறது என்றார்.

“இருக்குது சார்” என்றார் அக்கா. “எங்கன்னுதான் தெரியல.”

எங்கள் எல்லோருடைய போனிலும் அன்று காலை எடுத்த படங்கள் இருந்தன. வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று எடுப்பது எங்கள் வழக்கம். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். மண்வெட்டியோடு நாங்கள், கன்றோடு நாங்கள், ஜேசிபிக்கு முன்னால் கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு நாங்கள். கிழக்கு மூலை ஒரே ஒரு படத்தில் இருந்தது. அதன் முன்னால் பல்லெல்லாம் தெரிய நான் நிற்கிறேன். என் இடது தோளுக்கு மேல் வெள்ளையாக ஏதோ ஒரு புள்ளி. பூவா, பிளாஸ்டிக் காகிதமா என்று பெரிதாக்கிப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. அக்கா போனைக் கண்ணுக்கு வெகு அருகில் வைத்து நெடுநேரம் பார்த்தார். “கொஞ்சம் தள்ளி நின்னிருக்கக் கூடாதா தம்பி” என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறு வாரம் வெள்ளை நித்தியகல்யாணி ஒன்றைத் தேடிப் பிடித்துத் தொட்டியோடு அவர் வீட்டுக்குக் கொண்டு போனேன். அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். “நல்லா இருக்குது தம்பி. ஆனா இது வேற செடி. இத எங்கன்னு வக்கறது?” என்றார். காபி கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன். கல்லறைத் திருநாள் அன்று ஒவ்வொரு குடும்பமும் தன் தன் கல்லறையைக் கழுவிப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றியபோது, அக்கா ஒரு மெழுகுவர்த்தியோடு கிழக்கு மூலையில் நின்றார். ஓர் இடத்தில் குனிவார், நிமிர்வார், இரண்டு எட்டு நகர்ந்து மறுபடி குனிவார். கடைசியில் நடுவே இருக்கும் பெரிய சிலுவையடியில் கொண்டு போய் வைத்துவிட்டார். அந்த மூலையில் இன்னும் எத்தனை குழந்தைகளோ, தேடி வர யாருமில்லாதவர்கள். அதை நினைத்து நாங்கள் யாரும் அங்கே குழி தோண்டவில்லை. இன்று மற்ற இடங்களில் வைத்த புங்கமும் வேம்பும் ஆள் உயரம் தாண்டி நிழல் தருகின்றன. வருகிறவர்கள் எங்களை வாயார வாழ்த்துகிறார்கள்.

அக்காவுக்கு மூட்டு வலி அதிகமாகி, தங்கையோடு இருக்க விழுப்புரம் போய்விட்டார். போகும்போது, திருநாளன்று தன் சார்பில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றும்படி என்னிடம்தான் சொன்னார். ஏன் என்னிடம் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. மூன்று வருடமாகக் கிழக்கு மூலையில் ஏற்றுகிறேன். இந்த வருடமும் பொழுது இறங்கும் நேரத்தில் ஏற்றி, காற்றுக்கு மறைப்பாகக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“வச்சிட்டியா தம்பி?”

“வச்சிட்டேன்க்கா.”

“போன வருசம் வச்ச அதே எடத்துலதான?”

பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ அன்று வாய் வரவில்லை. வருடத்துக்கு ஓரிடமாகத் தள்ளித் தள்ளி வைக்கிறேன் என்றும், அந்த மூலை முழுக்க அப்படியே வைத்துக்கொண்டு போனால் என்றைக்காவது ஒரு வருடம் சரியான இடத்தில் அமைந்துவிடும் அல்லவா என்றும் சொன்னேன்.

“அப்டி மாத்தி மாத்தி வக்காத தம்பி” என்றார். “எங்கனா ஒரே எடத்துல வையி. இல்லாகாட்டி புள்ள அது பாட்டுக்கு தேடிக்கினு இருக்கும்.”