இருபது பேர் இருந்தால் ஒன்றரை நாள்

கணக்கு எனக்கு ஏழாம் வகுப்போடு நின்றுபோனது. ஆனாலும் கூடலூர்ப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்து முதலாளி போனில் ஒரு கணக்குச் சொன்னபோது அது தப்பு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் கோபம்தான் வருகிறது.

நாங்கள் பத்துப் பெண்கள், பண்ணைப்புரத்திலிருந்து ஒரே ஜீப்பில் போகிறவர்கள்; ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவள் நான். அந்தத் தோட்டத்தின் திராட்சை வெட்டு பல வருடமாக எங்களுடையது. பந்தலுக்குக் கீழே ஒருத்தி காம்பைப் பிடித்துக் கத்தரிப்பாள், இன்னொருத்தி டிரேயை ஏந்துவாள். ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் அழுகிய பழத்தை நறுக்கி எடுத்துவிட்டு அடுக்குவார்கள். அப்புறம் டிரேயைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒற்றை வரப்பு வழியாக ரோட்டில் நிற்கும் வேனுக்குப் போக வேண்டும். எதிரே ஆள் வந்தால் ஒருத்தி வாய்க்காலில் இறங்கி நிற்பாள். இப்படியே நான்கு நாளில் தோட்டம் முடியும்.

அந்த முறை முதல் நாள் கால்வாசி முடித்திருந்தோம். சாயங்காலம் மலைப்பக்கம் மேகம் கட்டிக்கொண்டு நின்றது. மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும். வெட்டு பிந்தினால் பழி எங்கள் தலையில் விழும், தோட்டமும் கையை விட்டுப் போகும். இந்த நினைப்பில் நான் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தபோதுதான் முதலாளியின் போன் வந்தது.

"ஏத்தா, பத்துப் பேருக்கு இன்னும் மூணு நாளு வேலை இருக்கா? நான் இன்னும் பத்துப் பேரப் போடுறேன். இருபது பேருக்கு ஒன்றரை நாளு. மழைக்கு முந்தி முடிச்சுப்புடலாம்ல?"

"அப்படி வராதுங்கய்யா. புது ஆளுகளுக்குச் சொல்லிக் குடுக்க எங்க ஆளுகல்ல வெட்டுறத விட்டுட்டு நிக்கணும்? வரப்பும் ஒண்ணுதான் இருக்கு. டிரே தூக்க மட்டும் ரெண்டு பேரு அனுப்புங்க, அரை நாளு மிச்சமாகும்."

"ஒனக்கு எதுக்கெடுத்தாலும் பயம். கூலி குடுக்குறவன் நானு, ஒனக்கென்ன வந்துச்சு?"

எனக்கென்ன வந்துச்சா? பழத்தைத் தொடுகிற கை யாருடையது?

மறுநாள் காலையில் கடமலைக்குண்டுப் பக்கமிருந்து ஏஜெண்ட் ஒருவர் பத்துப் பெண்களைக் கொண்டுவந்து இறக்கினார். தக்காளியும் பருத்தியும் எடுத்துப் பழகியவர்கள். நல்ல உழைப்பாளிகள், குறை சொல்ல முடியாது. ஆனால் திராட்சைப் பந்தலுக்குள் அதுவரை தலையை நுழைத்ததில்லை.

"அக்கா, இத எங்கன பிடிக்கணும்?" என்றாள் ஒருத்தி, கொத்தை இழுத்துக்கொண்டே.

எங்கள் குழுவில் வாய்த்துடுக்கானவள் ஒருத்தி உண்டு. "பச்சப்புள்ள தலையத் தாங்குற மாதிரி காம்பத் தாங்குத்தா. இந்த இழுப்பு இழுக்குற, தேங்காயா பறிக்க வந்த?" என்றாள். பந்தலே சிரித்தது. சிரித்தபடியே அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிக்கொடுக்கப் போனாள். அவள்தான் எங்களில் வேகமாக வெட்டுகிறவள். வெட்டுகிற மற்றவர்களும் ஆளுக்கு ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். வரப்பில் போகிறவளும் வருகிறவளும் முட்டிக்கொண்டு, யார் வாய்க்காலில் இறங்குவது என்று சண்டை. அடுக்கப்படாத டிரேக்கள் பந்தலுக்குள் வழியை அடைத்துக்கொண்டன.

நான் அங்கும் இங்கும் ஓடியதில் ஒன்றைக் கவனிக்கவில்லை. அடுக்குகிற இடத்தில் புதிதாக வந்த அம்மா ஒருவர் ஒவ்வொரு கொத்தையும் முந்தானையால் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து பக்கத்தில் இருந்த புது ஆட்கள் மூன்று பேரும் துடைத்தார்கள்.

"என்ன செய்றீக?" என்று கத்திவிட்டேன்.

"மருந்து வெள்ளையாப் படிஞ்சு கெடக்குத்தா. சின்னப்புள்ளைக திங்கிற பழம்ல?" என்றார் அவர்.

அந்த முகத்தைப் பார்த்து எப்படித் திட்டுவது? அந்த வெள்ளை மருந்தில்லை, பழத்தின் மேல் தானாகப் படிகிற பூச்சு. அது இருந்தால்தான் புதுப் பழம். ஒரு வரிசை டிரே முழுக்கக் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. வேனில் நின்ற கேரளா வியாபாரி ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்து, "இது பழையதாணல்லோ" என்று அத்தனையையும் ஒதுக்கிவிட்டார்.

மதியம் முதலாளி வந்தார். "இருபது பேரு நிக்கிறீக, நேத்து இந்நேரத்துக்குப் பத்துப் பேரு வெட்டுனதுல பாதிகூட இல்ல. ஆளு கூட வந்ததும் ஒங்க ஆளுக வேணும்னே மெத்தனமா இருக்காக!"

"நேத்தே சொன்னேன்ல? சொல்லிக் குடுக்குறது வேலை இல்லையா? அதுக்கு எங்க பொழுது போகலையா? ஒங்க கணக்குல அது எங்கன இருக்கு?" என்று கேட்டேன். எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவர் ஏஜெண்டைக் கூட்டிக்கொண்டு மோட்டார் ரூம் பக்கம் போய்விட்டார்.

அதற்கப்புறம் யாரையும் கேட்காமல் நானே ஆட்களை மாற்றினேன். புதியவர்களை வரப்பு நெடுக நிற்க வைத்து, டிரேயைக் கைக்குக் கை மாற்றச் சொன்னேன். எங்கள் பத்துப் பேரும் கத்தரிக்கும் அடுக்குக்கும் திரும்பினோம். மறுநாள் வேலை ஓடத்தான் செய்தது. ஆனால் போன பொழுது போனதுதான். அதற்கடுத்த நாள் மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. தென்மூலைப் பந்தல் மட்டும் மிச்சம். கண்ணெதிரே பழம் வெடித்தது.

நனைந்துபோய் ஜீப்பில் ஏறும்போது ஏஜெண்ட் வந்து சொன்னார்: "அடுத்த வெட்டுக்கு நீங்க வர வேணாமாம். நானே நாப்பது பேரு கொண்டுவாறேன்னு சொல்லிட்டேன். ஒரே நாள்ல முடிச்சிரலாம்னு மொதலாளி சொல்றாக."

ஒரே நாளாம்! பத்துப் பேருடைய வேலையும் என் வாயால்தான் போனதோ என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனாலும் கேட்டது தப்பென்று சொல்ல மனம் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து வேறொரு தோட்டத்துக்காரர் கூப்பிட்டார். "சீக்கிரம் முடியணும்த்தா. கூட எத்தன ஆளு போடட்டும்?" என்றார்.

"நாங்க பத்துப் பேரு, நாலு நாளு. டிரே தூக்க ரெண்டு பேரு குடுத்தா மூணரை. அதுக்கு மேல ஒரு ஆளு எறக்குனாலும் நாங்க வரல" என்றேன்.

"சரி, வாங்க" என்றார்.