ஆருட கோல்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பந்தை ஒழுங்காக உதைத்து நான் கண்டதில்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில் கப்பல்காரர் விளையாடுவதைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பும்போது ஒரு தோற்பந்தையும் மனேச்சர் என்ற பட்டத்தையும் கொண்டு வந்தார். பந்தை யாரோ கொடுத்தார்கள். பட்டத்தை அவரே எடுத்துக்கொண்டார்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். அந்த நாளில் ஊருக்குள் வடசேரி, தென்சேரி என்று இரண்டு பக்கம். கண்ணகி அம்மன் கோயிலில் கொம்புமுறி நடக்கும்போது இரு சேரியாரும் வளைந்த மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று மாட்டி, வடம் பிடித்து இழுப்பார்கள். எவர் கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். வென்றவர்கள் தோற்றவர்களின் வீட்டுப் படலைக்குப் படலை போய் வசை பாடுவார்கள். பிள்ளைகள் தகப்பனின் சேரி. ஆகவே அப்பாவும் நானும் தென்சேரி, அம்மாவும் மாமாவும் வடசேரி.

இந்த இரண்டு சேரியையும் மாமா ஒரே அணியாக்கினார். வேளாண்மை வெட்டி முடிந்த வயல் வட்டையில், அரிதாள் காலைக் குத்தக் குத்த ஓடவிட்டார். முதலில் வடசேரியான் வடசேரியானுக்கு மட்டுமே பந்து கொடுத்தான்.

“டேய், எதிராளி பட்டணத்தில இரிக்கான்! உன்ட மச்சானுக்கு ஏன்டா கால் போடுறாய்?” என்று மாமா கத்துவது கோயில் வரைக்கும் கேட்கும். எந்தப் போட்டிக் கிண்ணத்தையும்விட இவர்களைச் சேர்த்து வைத்திருப்பதே அவருக்குப் பெரிய காரியமாக இருந்தது.

பட்டணத்து அணி கொழும்பிலிருந்து வந்தவர்களையே தோற்கடித்த அணி. அவர்களை வென்றால் நாட்டையே வென்றதாக எங்களுக்குக் கணக்கு. போட்டியன்று பாதி ஊர் தோணிகளில் வாவியைக் கடந்தது. அவர்கள் சப்பாத்தும் வெள்ளைக் காற்சட்டையுமாக நின்றார்கள். எங்கள் ஆட்கள் வெறுங்கால், மடித்துக் கட்டிய சாரம்.

“மாட்ட எங்ககா கட்டிப்போட்டு வந்தீங்க?” என்று ஒரு பட்டணத்தான் கேட்டான்.

“உங்கட கோல் கம்பத்துலதான்!” என்றார் எங்கள் அணியின் வண்டில்காரர். அவர் வடசேரி.

அவர்கள் ஒன்று போட்டார்கள். நாங்கள் ஒன்று போட்டோம். முடியப்போகும் நேரத்தில் அந்த வண்டில்காரர் ஓங்கி உதைத்தார். கோலுக்கு முன்னால் சறுக்கி விழுந்து எழும்பிக்கொண்டிருந்த தென்சேரித் தோணிக்காரரின் முதுகில் பட்டு, பந்து உள்ளே போய்விட்டது!

கூட்டத்தில் வாய் திறக்காத நான் அன்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். யாரோ என்னைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். அது யாரென்று குனிந்து பார்க்கவும் நேரமில்லை. மாமா மைதானத்துக்குள் ஓடிப் போய், விசில் ஊதிய துரையையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தார்.

திரும்பும்போது கிண்ணம் நடுத்தோணியில் மின்னியது. எல்லாரும் பாடினார்கள். ஆனால் வென்றால் தோற்றவன் வாசலில் போய்ப் பாட வேண்டும். எங்களுக்குத் தெரிந்த வெற்றி அது ஒன்றுதான். பட்டணத்தில் போய் வசை பாடினால் பொலிஸ் பிடிக்கும். பாட்டு போக இடமில்லாமல் தோணிக்குள்ளேயே சுற்றியது. பாதி வாவியில், “உதைச்சது எங்கட ஆள்” என்று ஒரு தோணியில் சத்தம் வந்தது. “முதுகு ஆருடகா?” என்று மற்றத் தோணி கேட்டது.

கரை சேர்ந்ததும் மாமாவைச் சுற்றிக்கொண்டார்கள்.

“மனேச்சர் சொல்லட்டும். ஆருட கோல்?”

மாமா எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். “முதுகில பட்டுத்தானே போச்சு? தோணிக்காரன்ட கோல்” என்றார். தன் சேரியை விட்டுக்கொடுத்தால் சண்டை அடங்கும் என்று நினைத்திருக்க வேண்டும்.

வண்டில்காரர் கிண்ணத்தில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டார். அந்த அணி மறுபடி ஒன்றாக ஆடவில்லை என்பது நான் பிறகு அறிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் தென்சேரி வென்றுவிட்டது என்பதுதான். அன்று பின்னேரமே நாங்கள் வடசேரிக்கு வசை பாடப் போனோம். முதல் படலை மாமாவுடையது. அவர் வெளியே வந்து, எங்கள் பாட்டுக்குத் தாளம் போட்டு, ஒரு சீப்பு வாழைப்பழமும் தந்தார்.

“மனேச்சர், நீயும் அவனுகளோட போய்ப் பாடு!” என்று பக்கத்து வீட்டு வளவிலிருந்து ஒரு குரல் வந்தது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மறுநாள் விடிய, பயிற்சி பார்க்க வட்டைக்கு ஓடினேன். மாமா மட்டும் பந்தை இடுக்கிக்கொண்டு வரம்பில் நின்றார்.

“ஒருத்தரும் வரல்லியா மாமா?”

“நீ வந்திட்டாய்தானே, மருமகன். அடி பாப்பம்.”

அதுவரை அந்தத் தோற்பந்தைத் தொடக்கூட என்னை விட்டதில்லை. அன்று ஆசை தீர உதைத்தேன். எங்கே போனாலும் மாமா “கோல்!” என்று கத்திவிட்டு, தானே ஓடிப்போய் எடுத்து வந்தார். வெயில் ஏறியும் அவர் நிறுத்தவில்லை. இத்தனை பேரும் நித்திரையாய்க் கிடந்தது என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். நாளைக்கும் ஒருவரும் வரக்கூடாது என்று, வீட்டுக்குப் போகும் வழியில் அம்மனைக் கும்பிட்டு வேண்டிக்கொண்டேன்.