பழைய நேரத்தில் ஓடிய பீட்டா

படத்தைத் தெளிவாகக் காட்டும் வீடியோ பெட்டி தோற்று, மங்கலாகக் காட்டும் பெட்டி எப்படி ஜெயித்தது? தொண்ணூற்றிரண்டில், எங்கள் ஊரான புகாரமாங்காவில், எங்கள் தெருவில் யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. மிரேயாவுக்கும் தெரியாது.

மிரேயா தன் வீட்டு முன்னறையில் பீட்டா வகை வீடியோ கேசட் வாடகைக்குக் கொடுத்துவந்தாள். ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள். அலமாரியை அடுக்குவாள், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்குவாள். எதிர்வீட்டில் எலியேசர் வி.எச்.எஸ். என்ற போட்டி வகைக் கேசட்டுக்குக் கடை திறந்ததிலிருந்து இது இன்னும் அதிகமானது.

"என் கேசட்டு ஒண்ணுல ஒரு வாரத் தொடர் முழுசா அடங்கும், மிரேயா. உங்களோடது பாதியிலயே மூச்சு வாங்குது" என்பார் அவர்.

"உங்க படத்துல கதாநாயகிக்கு மூக்கு எங்க இருக்குன்னு தேடுறதுக்குள்ள அந்த வாரமே போயிடும்" என்பாள் இவள்.

அந்த வருடம் மழை பொய்த்து அணைகள் வற்றியிருந்தன. பேட்டைக்கு ஒரு நேரம் என்று மின்வெட்டு. மிச்சம் பிடிக்க அரசாங்கம் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தது. இருட்டில் கிடக்கும் பேட்டைக்காரர்களுக்காக, வெளிச்சம் உள்ள பேட்டையில் யாராவது தொலைக்காட்சித் தொடரைப் பதிவு செய்வார்கள். கேசட் வீடு வீடாகப் போகும்.

தொடரின் கடைசிப் பாகம் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு. எங்கள் தெருவில் அப்போது மின்சாரம் இருக்காது. பீட்டா வைத்திருந்த பதினோரு வீட்டுக்கும் அதைப் பதிவு செய்து தருவதாக மிரேயா வாக்குக் கொடுத்திருந்தாள். இதில் தவறினால் அத்தனை பேரும் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

அன்று மதியம் தன் வீடியோ பெட்டியைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, இரவில் மின்சாரம் இருக்கும் பேட்டையில் குடியிருந்த ஒல்கா வீட்டுக்குப் போனாள். ஒல்காவின் மகளுக்கு மிரேயாதான் ஞானத்தாய்; அந்த உறவில் ஒல்கா அவளைக் 'கொமாத்ரே' என்று கூப்பிடுவாள். ஒல்கா ஆஸ்பத்திரி சமையலறை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இங்கயே இருந்து கையால பட்டனை அமுக்குங்களேன், கொமாத்ரே. மெஷினை நம்பி விட்டுட்டுப் போறீங்களே."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையைப் பூட்டுனா எல்லாரும் எதிர்த்தாப்புல போயிடுவாங்க."

சுவர்க்கடிகாரம் இரண்டு பத்து காட்டியது. பரவாயில்லை, பஸ் சீக்கிரம் வந்துவிட்டது என்று நினைத்தாள். பெட்டியின் நேரத்தை அதைப் பார்த்தே வைத்தாள். எட்டு மணிக்குத் தானாகப் பதிவாகும்படி அமைத்துவிட்டு ஓடினாள்.

சனிக்கிழமை விடிந்ததும் ஒல்கா வீட்டில் கேசட்டை ஓடவிட்டாள். திரையில் செய்தி வாசிப்பவர். முன்னால் ஓட்டினாள், பின்னால் ஓட்டினாள். செய்தியும் விளம்பரமும்தான்.

ஒல்கா சுவரைப் பார்த்தாள். "அது என் வீட்டுக்காரர் டாரியோவோட கடிகாரம், கொமாத்ரே. கடவுள் குடுத்த நேரத்துல அரசாங்கம் கை வைக்கக் கூடாதுன்னு அந்த மனுஷன் அதை மாத்தவே விடல. எங்க வீட்டுல இன்னும் பழைய நேரந்தான்."

பெட்டி எட்டு மணி என்று நினைத்து விழித்தபோது ஊருக்கு ஒன்பது மணி.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பும் பஸ்ஸில் இடம் இருந்தும் மிரேயா உட்காரவில்லை. கேசட் சிக்கிக்கொண்டது என்று சொல்லலாம். மின்சாரம் போய்விட்டது என்று சொல்லலாம். எல்லாரும் நம்புவார்கள். தெரு முனையில் இறங்கியவள் தன் வீட்டுக்குப் போகவில்லை, எலியேசரின் கதவைத் தட்டினாள்.

"வழி தவறி வந்துட்டீங்களா?" என்றார் அவர்.

"கடைசிப் பாகம் வேணும். ரெண்டு மெஷினையும் ஒயரால இணைச்சு என் கேசட்டுல ஏத்திக்கறேன். பதினோரு மணிக்குக் கரண்ட் போயிடும்."

"டைமரை நம்புனீங்களாக்கும். நான் மச்சான் வீட்டுல பக்கத்துலயே உக்காந்து எடுத்தேன். சரி, குடுத்தா எனக்கு என்ன?"

"யாருகிட்ட வாங்குனேன்னு பதினோரு வீட்டுலயும் சொல்றேன்."

எலியேசர் ஒயரைத் தேட உள்ளே போனார்.

பதிவு ஓடிய ஒரு மணி நேரமும் மிரேயா கதவுக்கும் பெட்டிக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தாள். "உங்க நடையில என் தரை தேஞ்சிடும்" என்றார் எலியேசர். தொடரில் கல்யாணம் முடிந்து பெயர்கள் ஓடும்போது மின்சாரம் போனது. பெயர்களில் பாதி போச்சு, அவ்வளவுதான்.

எலியேசரிடம் வாங்கி ஒயர் போட்டு ஏற்றியதை, ஒப்புக்கொண்டபடியே எல்லா வீட்டிலும் சொன்னாள். முதல் வீட்டில் பெர்த்தா அம்மா கேசட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்: "நீங்களே அவர்கிட்டதான் வாங்குறீங்க. அப்புறம் நாங்க எதுக்கு உங்ககிட்ட வரணும்?"

மிரேயா அடுத்த வீட்டுக்குச் சொல்லப் போனாள்.

டிசம்பருக்குள் ஏழு வீடுகள் வி.எச்.எஸ். வாங்கிவிட்டன. மிரேயாவின் அலமாரியைக் கலைப்பதற்கு அவளைத் தவிர ஆள் இல்லை. ஆனால் அந்த வீடுகளில் பெண்ணின் பதினைந்தாம் பிறந்தநாளும் பையனின் முதல் நற்கருணையும் பீட்டா கேசட்டில்தான் பதிவாகியிருந்தன. புதுப் பெட்டிக்குள் அந்தக் கேசட் நுழையாது. முதலில் வந்தது பெர்த்தா அம்மாதான்.

"அன்னிக்கு ஒயர் போட்டு ஏத்துனேன்னு சொன்னீங்களே. அதே மாதிரி இதையும் மாத்திக் குடுங்க."

அன்று ஏதாவது பொய் சொல்லியிருந்தால், இரண்டு பெட்டியையும் இணைக்க அவளுக்குத் தெரியும் என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. இப்போது இந்த வேலைக்கு எலியேசரே அவளிடம் ஆள் அனுப்புகிறார். படம் ஏறும்வரை மிரேயா இன்னும் நடந்துகொண்டேதான் இருக்கிறாள்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது தோற்கிற பக்கம் நின்று தவித்துக்கொண்டிருந்தால், இதை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்களையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.