பச்சையம்மாளின் புற்று

அட்டையில் இப்படித்தான் இருக்கிறது: "பச்சையம்மாள், வயது 41, முன்மாதிரி காளான் உற்பத்தியாளர், ஆண்டு விளைச்சல் ஆயிரத்து இருநூறு கிலோ." திருப்பதியில் ஒருநாள் பயிற்சிக்கு வேன் வைத்து அழைத்துப்போனவர்கள், சாப்பாடும் போட்டுத் தெலுங்கில் அச்சடித்துக் கொடுத்த அட்டை. அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. ஒரு காளானைக்கூட அவள் உற்பத்தி செய்ததில்லை. கறையான் செய்ததைப் பறித்துவந்தாள், அவ்வளவுதான்.

பலமனேருக்குக் கிழக்கே அவள் ஊரில், காளான் முளைக்கும் புற்று யாருக்குத் தெரியுமோ அவர் இடத்தைச் சொல்லமாட்டார். சொன்னால் மறுவருஷம் முளைக்காது. புருஷன் பெண்டாட்டி என்று அதில் சலுகை கிடையாது. ரங்கனுக்கு ஒரு புற்று, பச்சையம்மாளுக்கு ஒரு புற்று. ஆடியில் இடி இடித்த மறுநாள் விடியலில் இருவரும் ஒரே வாசலில் இறங்கி ஆளுக்கொரு திசையில் போவார்கள். திரும்பிவந்து ஒரே சட்டியில் போடுவார்கள். முப்பத்தாறு வருஷம் இப்படி நடந்தது. வேறெந்த ரகசியமும் அந்த வீட்டில் ஒரு வாரம் தாங்கியதில்லை.

காளான் தண்டை நார் நாராகக் கிழித்து, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டுக் கொதிக்கவிட்டால் நாட்டுக்கோழி தோற்கும். மண்வாசனை கடைசி வாய்வரை நாக்கில் நிற்கும். பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் எழுந்தவனுக்கும் அந்தச் சாறுதான். ரத்தக்குழாய்க்கு நல்லது என்று பயிற்சியிலும் சொன்னார்கள். வருஷம் தவறாமல் குடித்த ரங்கனுக்குத்தான் சித்திரையில் ரத்தக்குழாய் அடைத்து, வலப்பக்கமும் பேச்சும் போயின.

ஆடி வந்தது, இடியும் வந்தது. பத்து நாளாகக் கஞ்சியைத் துப்பிக்கொண்டிருந்த மனுஷன், இடது கையைக் குடைபோலக் குவித்துக் காட்டினான்.

அவள் தன் புற்றுக்கு ஓடினாள். அங்கே சமதரையில் பிளாட்டுக் கற்கள் நின்றன. ஜேசிபி ஓட்டும் எதிர்வீட்டு வேணு, அந்த வழியே பைக்கில் வந்தவன், நிறுத்தினான்.

"இன்னா பெரிம்மா, மனை வாங்கப் போறியா?"

"இங்க ஒரு புத்து இருந்துச்சேடா..."

"நான்தான் தள்ளனேன். சாமிப் புத்தா அது? ஒரு கை மஞ்சள் பூசியிருந்தா வுட்டிருப்பேனே!"

மஞ்சள் பூசினால் ஊருக்கே இடம் தெரிந்துவிடும் என்றுதான் அவள் பூசவில்லை.

வீட்டுக்கு வந்து ரங்கன் காதருகே குனிந்தாள். "உன் புத்து எங்கய்யா கீது? ஏரி மதகாண்டயா? தலைய ஆட்டு, போதும். கல்லுக்குழியாண்டயா? மாந்தோப்புக்குப் பின்னாடியா?"

கஞ்சி வேண்டாம் என்பதற்கு நன்றாகவே ஆடிய தலை, இதற்கு ஆடவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். முடியாமலா, சொல்லக்கூடாது என்றா, அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று நாள் காட்டில் நடந்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. நாலாம் நாள் பலமனேர் கடையில் ஒரு டப்பா பட்டன் காளான் வாங்கினாள். நாரே இல்லாத அதைக் கையால் கிழித்து, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்தாள். "என் புத்துல மொளச்சது, துன்னு" என்று ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே, கோழிப்பண்ணைக்குப் பின்னால், புங்கமரத்தடியில் என்று, இல்லாமல் போன புற்றின் இடத்தை அவனுக்குச் சொன்னாள்.