ரூர்க்கிக்கு ஆறு நாள்

விருத்தகிரி வங்கிக்குள் நேராக நுழைவதில்லை. கதவிடுக்கில் ஏசி காற்று கசியும் இடத்தில் ஐந்து நிமிடம் நிற்பார். பிறகு ஒரு காலை உள்ளே வைத்து மறுபடியும் நிற்பார். காவலாளிக்கு முதலில் சந்தேகம் வந்தது. இப்போது பழகிவிட்டது. "ஆறிட்டீங்களா? உள்ள போங்க" என்று அவரே சொல்லி அனுப்புகிறார்.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் இருபத்தாறு வருடமாகச் சூளை பார்க்கிறவர். ஆயிரத்து இருநூறு டிகிரியில் வெந்த பீங்கான் பியூஸ் கட்டைகளை இரண்டு நாள் மூடிய கதவுக்குள்ளேயே ஆறவிடுவார். முதலாளி லாரியை வாசலில் நிறுத்திவிட்டுக் கெஞ்சினாலும் திறக்கமாட்டார். "அவசரப்பட்டா அத்தினியும் வெடிச்சிரும்ங்க. அப்பறம் எங்கிட்ட வராதீங்க." வீட்டில் மின்விசிறிகூட முதல் பத்து நிமிடம் ஒன்றாம் எண் வேகத்தில்தான் ஓடும்.

ஒரே மகள் அன்பரசி வடக்கே, டெல்லியையும் தாண்டி ரூர்க்கியில் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஆய்வுக்கூட வேலை இருப்பதால் பொங்கலுக்கு வர முடியாது என்றாள். ஒன்றரை வருடத்தில் ஒருமுறைகூட 'வாங்க' என்று கூப்பிடாத பெண், போன வாரம் போனில், "நீங்க ரெண்டு பேரும் ஒருவாட்டி வந்துட்டுப் போங்களேம்பா" என்றாள். சொல்லிவிட்டு உடனே போனை வைத்துவிட்டாள்.

விருத்தகிரி பத்து நாள் விடுப்பு வாங்கினார். அங்கே குளிர் நான்கு டிகிரி என்று கேள்விப்பட்டதும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பயணத்தை எழுதினார். நாக்பூரில் இறங்கி ஒரு நாள். போபாலில் ஒரு நாள். டெல்லியில் ஒரு நாள். பக்கத்தில் அந்தந்த ஊரின் டிகிரி: பதிமூன்று, பத்து, ஏழு.

அதே பேட்டையில் பொம்மைகளுக்கு வர்ணம் பூசும் அவர் மனைவி நீலாவதி தாளை வாங்கிப் பார்த்தார்.

"நாக்பூருல என்னாத்துக்கு எறங்கணும்? ஒறவுக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"ஆறணும்ல."

"யாரு?"

"நாமதான். இருவத்தஞ்சுலேருந்து நாலுக்கு ஒரேடியா எறக்குனா ஒடம்பு தாங்குமா?"

நீலாவதி விரல்விட்டு எண்ணினார். "போவ ஆறு நாளு. திரும்பி வர மூணு நாளு. அப்ப எம்பொண்ணுகூட ஒரே ஒரு நாளு." தாளைத் திருப்பிக் கொடுத்தார். "நான் என்னா பியூஸ் கட்டையா? அவ கொரலே சரியில்லங்கறேன். நீங்க நாக்பூருல ஆறிக்கிட்டு இருங்க. நான் நேரா போறேன்."

விருத்தகிரி கோபப்படவில்லை. வேண்டுமானால் நாக்பூரை அரை நாளாகக் குறைக்கலாம் என்றார்.

மறுநாள் சாயங்காலம் அன்பரசி வீடியோவில் வந்தாள். கம்பளித் தொப்பி, கழுத்தைச் சுற்றிய சால்வை. பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. விருத்தகிரி போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோய், சூளைத் துளையில் பார்ப்பதுபோல் ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"ஒதடு எப்ப வெடிச்சுது?"

"பனிக்குப்பா. இங்க எல்லாருக்கும் இருக்குது."

"எத்தினி நாளா?"

"போன வருசமும் இருந்துச்சு."

"தேங்காண்ணெ தடவுடி" என்றார் நீலாவதி, பின்னாலிருந்து.

"பாட்டில்லியே ஒறஞ்சி கெடக்குதும்மா. கவுத்தாலும் வர மாட்டங்குது." சிரிக்கப் பார்த்தாள். கீழுதட்டின் வெடிப்பு விரிந்ததும் நிறுத்திக்கொண்டாள். கண் மட்டும் நிறைந்தது. "எப்பப்பா வரீங்க?"

நீலாவதி கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாம் நாளு அங்க இருப்போம்" என்றார் விருத்தகிரி. "வழியில எங்கயும் எறங்கல."

அலமாரியில் கையை விட்டுத் துழாவி எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தார். கட்டைவிரலில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு, போன் திரையில் மகளின் கீழுதட்டின் மேல், வலிக்காதபடி, மெல்லத் தடவினார்.