அணைந்த மலையில் ஒரு பொங்கல்

மகளுக்கு மூன்று வயதில் மூச்சிரைப்பு முற்றி, கும்மிடிப்பூண்டி மருத்துவமனையில் முகமூடி மாட்டி மருந்து கொடுத்தார்கள். நெஞ்சுக்குள் விசில் ஊதுவதுபோல ஒரு சத்தம். அந்தக் கட்டிலருகே நின்றுதான் என் மாமியார் வேண்டிக்கொண்டார்: குழந்தை தேறினால், ஆர்.கே.பேட்டைப் பக்கம் தன் பிறந்த ஊர் மலையிலிருக்கும் கன்னிமாருக்குப் பொங்கல் வைப்பதாக. குழந்தை தேறினாள். ஆடி மாதமும் வந்தது.

ஊதுவத்திகூட ஏற்றாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பொங்கல் என்றால் விறகு, விறகு என்றால் புகை. சொன்னால் வேண்டுதலைத் தடுத்தவள் ஆவேன். சொல்லாமல் விட்டால்? கணவருக்கு இரும்பாலையில் ஷிப்ட். "நீயே அம்மாகிட்ட பேசு" என்று கிளம்பிவிட்டார்.

பஸ்ஸில் பேச்சைத் தொடங்கினேன். "அத்தை, அந்த மலை ஒரு காலத்துல எரிமலையாம். போன்ல படிச்சேன். நெருப்புக் குழம்பு உறைஞ்சுதான் அந்தக் கறுப்புப் பாறையாம்." நெருப்பிலிருந்து புகைக்கு வந்துவிடலாம் என்பது என் கணக்கு.

"அங்கியே பொறந்த எனுக்குத் தெரியல, உன் போனுக்குத் தெரிஞ்சிருக்குது பாரு" என்று சிரித்தார்.

"ஆயா, இப்போ வெடிக்குமா?" என்றாள் மகள்.

"பசி வந்தா உங்கப்பன்தான் வெடிப்பான். மலை சும்மா படுத்துக்கினு கெடக்குது."

புகைக்கு நான் வந்து சேரவே இல்லை.

அடிவாரத்தில் வனக் காவலர் எங்களை நிறுத்தினார். "காப்புக்காடும்மா இது. பானையும் விறகும் கீழயே இருக்கட்டும். மேல அடுப்பு மூட்டக்கூடாது."

"எங்கம்மா காலத்துலேர்ந்து பொங்க வெக்கிறோம் நைனா. நீ எப்போ வந்தே?"

"போன கோடையில எவனோ போட்ட பீடியில பாதி சரிவு எரிஞ்சி போச்சு. கும்புடறத யாரு வேணான்னா? நெருப்பு மட்டும் வேணாம்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. மறுகணமே பயம். வேண்டுதல் தவறியதில் சந்தோஷப்படுகிறேனா? நாளைக்கே இவளுக்கு மூச்சு முட்டினால் அது இதனால்தானா?

பானையையும் விறகையும் அவரிடம் விட்டுவிட்டு மேலே ஏறினோம். கன்னிமார் என்பவை மஞ்சள் பூசிய ஏழு கற்கள். மாமியார் எதிரே உட்கார்ந்து, கற்களைச் சுற்றிக் கிடந்த சருகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். தாங்க முடியாமல் நான்தான், "அத்தை, இவளுக்குப் புகை ஆகாது" என்றேன்.

"எனுக்குத் தெரியாதா? டாக்டர் சொல்றப்போ பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தேன்? உங்க ரெண்டு பேரையும் அந்தப் பாறைக்கு அப்பால ஒக்கார வெச்சிட்டு, நான் தனியா பொங்கலாம்னு இருந்தேன். காத்து திரும்பிடுமோன்னு நேத்துலேர்ந்து ஒரே பேஜாரு."

என்னைப்போலவே அவரும் தூங்கியிருக்கவில்லை.

"நெருப்புலேர்ந்து வந்த மலைன்னு நீதான சொன்ன?" என்றார். "அதுல குடியிருக்கிறவளுங்களுக்கு நம்ம ஒரு கட்டு வெறகா பெருசு? துள்ளு மாவு இடிச்சிப் போடலாம். அதுக்கு அடுப்பு வேணாம்."

பொங்கலுக்குக் கொண்டுவந்த பச்சரிசியைச் சாப்பாட்டுத் தூக்கில் போட்டு, பாட்டில் தண்ணீரை ஊற்றி ஊற வைத்தோம். ஊறியதும் வடித்துத் துணியில் உலர்த்தி, பாறையிலிருந்த பள்ளம் ஒன்றைக் கழுவி, உருண்டைக் கல்லால் இடித்தோம். கையில் கொப்புளம் வந்தது. மாவில் வெல்லம் சேர்த்துப் பிசைந்து ஏழு பிடி வைத்தோம். இது போதுமா என்று கேட்க வாயெடுத்தேன். மாமியார் கண்ணை மூடிக் கும்பிட்ட முகத்தில் குறை எதுவும் இல்லை. நானும் கும்பிட்டேன். கன்னிமாரைவிட அதிகமாக அவரைத்தான் கும்பிட்டேன் என்று நினைக்கிறேன்.

அதற்குள் மகள் வாயெல்லாம் மாவுடன் சரிவில் மேலே ஓடினாள். பின்னாலேயே ஓடிப் பிடித்து, அவள் முதுகில் காதை வைத்தேன். வேகமான மூச்சு. விசில் இல்லை. இருந்தாலும் இன்னொரு முறை வைத்தேன்.

"ஓடுனா எல்லாருக்குந்தான் மூச்சு வாங்கும்" என்றார் மாமியார் கீழேயிருந்து. "உடும்மா அவள."

விட்டேன்.