வெள்ளைச் சட்டையில் ஒரு சிவப்பு அம்பு

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். தேவனுடைய அன்பைப் பற்றிச் சபை மலரில் எழுதப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் பத்தாவது வரைதான். நாலு பேர் முன்னால் ஜெபம் பண்ணச் சொன்னால்கூட எனக்கு வாய் வராது. ஆம்பூரில் ஒரு ஷூ ஃபாக்டரியில் செக்கிங் வேலை செய்கிறேன். நாள் முழுக்கக் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதில் குறை இருந்தால் எனக்கே தெரியும்.

ஷூவின் மேல்பாகம் தைத்து எங்கள் டேபிளுக்கு வரும். கீறலோ தையல் விட்டதோ இருந்தால், பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அம்பு காட்டுகிற இடத்தில் டேமேஜ் என்று அர்த்தம். சரிசெய்து பாஸ் ஆனதும் உரித்துவிடுவோம். உரித்ததைக் கீழே போடக்கூடாது. அது நல்ல பீஸில் போய் ஒட்டிக்கொண்டால் அதுவும் ரிப்பேருக்குப் போய்விடும். அதனால் உரித்த கையோடு, மேலே போட்டிருக்கிற ஃபாக்டரி கோட்டிலேயே ஒட்டிக்கொள்வோம். சாயங்காலம் கேட்டைத் தாண்டும்போது எங்கள் எல்லார் மேலும் அம்பு இருக்கும்.

என் வீட்டுக்காரர் குடிப்பார். எங்கள் அம்மாவின் அடக்கத்தன்று குடித்துவிட்டு வந்து சவப்பெட்டியின் மேல் விழுந்தார். அன்றோடு என் அண்ணன் அவரிடம் பேச்சை விட்டார். இவரும் சர்ச்சுக்கு வருவதை விட்டார். "கர்த்தர் அவரைக் கைவிடமாட்டார்" என்று போதகர் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். கர்த்தர் விடவில்லைதான். நான் இரண்டு தடவை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

போன வருடம் நாட்றம்பள்ளிப் பக்கம் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சில மாதம் இருந்துவிட்டு, குடியை விட்டு வந்தார். நற்கருணை எடுக்க ஆசை என்றார். போதகர் பேசிப் பார்த்து, சரி என்றார். அண்ணனிடம் நான் சொன்னேன்.

"வரட்டும். யார் வாணான்னது? ஆனா அவன் பக்கத்துல நான் முட்டி போட மாட்டேன். அப்பறம் இது இன்னா அன்பு, இன்னா ஐக்கியம்னு கேக்காத."



ஞாயிறு காலை அவருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"எல்லாரும் பாப்பாங்கமே."

"பாக்கட்டும்."

"உங்கண்ணன் எழுந்து போய்ட்டா?"

"போனா போவட்டும். நீ குந்து."

எங்கள் சர்ச்சில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆண்கள்தான் முதலில் பீடத்தண்டை போவார்கள். இவர் போய் ஓரமாக முழங்கால் போட்டார். பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டுத்தான் மற்றவர்கள் போட்டார்கள். அப்போது என் டேபிளில் வேலை செய்கிற பெண் என்னை இடித்தாள்.

"அக்கா, உன் வூட்டுக்காரர் முதுகைப் பாரு."

வெள்ளைச் சட்டையில் சிவப்பு அம்பு. நுனி அவர் தலையைக் காட்டியது. என் ஃபாக்டரி கோட்டை மடித்துப் போட்டு அதன்மேல் இஸ்திரி போட்டது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"கரெக்டாதான் மார்க் பண்ணிக்கிற" என்றாள். பின்வரிசைகளில் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. சபையில் பாதிப் பேர் தோல் வேலைக்காரர்கள். அந்த அம்புக்கு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. இவர் திரும்பிப் பார்த்தால் எழுந்து போய்விடுவார், மறுபடி வரமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் தன் வரிசையில் எழுந்தார். காலியாக இருந்தது அந்த ஓர் இடம்தான். அடுத்த பந்திக்குக் காத்திருக்கலாம் என்று முன்னால் போய் இவருக்குப் பின்னால் நின்றார். நின்றவர் அம்பைப் பார்த்தார். எங்கள் ஃபாக்டரியில் தோல் கட்டிங்கில் பழுத்த கை அது. குனிந்து, நகத்தால் ஓரத்தைத் தூக்கி, துணி இழுபடாமல் உரித்தது. உரித்ததைத் தன் சட்டைப் பையின்மேல் ஒட்டிக்கொண்டது. அண்ணன் யோசித்துச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அண்ணன் தன்னைத் தொட்டுக் கூப்பிடுவதாக இவர் நினைத்துக்கொண்டார். நகர்ந்து இடம் விட்டு, "வா மச்சான்" என்றார்.

சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் முழங்கால் போட்டார்.

போதகர் அப்பத்தைக் கொடுத்துக்கொண்டே வந்தார். அண்ணன் நெஞ்சில் இருந்த அம்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இருவருக்கும் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அண்ணன் என்னைத் திட்டினார். "பாத்து இஸ்திரி போட மாட்டியா நீ? மானம் போய்ட்டிருக்கும் அந்தாளுக்கு."

"இப்ப உன் சட்டையில இருக்குதுண்ணா."

குனிந்து பார்த்தார். "இருந்துட்டுப் போவுது" என்றார்.

மீட்பைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஒருவருடைய குறையை இன்னொருவர் எடுத்துத் தன்மேல் போட்டுக்கொள்வது எப்படி என்று எனக்கு அன்றுதான் கண்ணால் பார்க்கக் கிடைத்தது. இதற்குமேல் எழுத எனக்குத் தெரியாது.

மறுநாள் திங்கட்கிழமை. மூன்று பேரும் வேலைக்குப் போனோம். இவர் குடிக்கவில்லை. எனக்குப் புது ஸ்டிக்கர் ரோல் கொடுத்தார்கள்.